நீலம் நடந்த பாதை

அந்தப் பூவுக்கு ஆயுசு கொஞ்சம். பனி இறங்கும்போது கண் திறக்கும். வெயில் வந்து முதுகில் தட்டினால் போய்விடும். உதிராது, வாடாது. கரையும். இதழைத் தொட்ட விரலில் ஒரு சொட்டு நீலத் தண்ணீர் மிஞ்சும். அவ்வளவுதான் பூ.

அதைப் பார்க்க இன்று ஓர் அம்மா வருகிறார். காட்டுச் செடிகளை உலர்த்திப் பத்திரப்படுத்தும் நிலையத்தில் பெரிய அதிகாரி. "படத்தைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்ச எதோடயும் ஒட்டல. நேர்ல வந்து பாக்கறேன்" என்று போனில் சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு மாமனார் ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் திரிந்தார்.

அதைப் பார்க்கப் பார்க்க மருமகளுக்கு வயிறு குளிர்ந்தது. அதே வயிற்றின் ஓர் ஓரத்தில் பயமும் இருந்தது.

பயத்துக்குக் காரணம் உண்டு. மாமனார் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் அவர் பேச ஆரம்பித்தால் அடுத்த வீட்டு ரேடியோ வெட்கப்பட்டு நின்றுவிடும். அப்பேர்ப்பட்டவர் மாமியாரைச் சுடுகாட்டுக்கு வழியனுப்பிய அன்று வாயை மூடினார். மூடியது மூடியதுதான். "சாப்பிட்டீங்களா மாமா?" என்றால் தலை மேலும் கீழும் ஆடும். "டாக்டர்கிட்ட போலாமா?" என்றால் பக்கவாட்டில் ஆடும். கப்பலில் வேலை பார்க்கும் மகன் நடுக்கடலிலிருந்து கூப்பிட்டால் ஒரு 'ம்' கிடைக்கும். மாமியாரின் பேரை மட்டும் அவர் வாய் தவறிக்கூட எடுத்ததில்லை.

மருமகளுக்கு வேலை பல்செட் செய்வது. பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் மெழுகும் பிளாஸ்டரும் ஒரு சின்னச் சுடரும்தான் அவளுக்குத் துணை. அலமாரி முழுக்க யார் யாரோ வாயின் அச்சுகள் வரிசை கட்டி இளித்துக்கொண்டிருக்கும். பகலெல்லாம் பேசாத வாய்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒரு பேசாத வாய். எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அவள்தான் அவரைச் செடி பார்க்கும் கூட்டத்துக்குள் இழுத்துவிட்டாள். கூட்டம் என்றால் திருவிழாக் கூட்டமில்லை. அவளும், ஊரே 'கத்திரி' என்று கூப்பிடும் முடிவெட்டுகிறவனும்தான். கத்திரியின் கடை வாரத்தில் என்றைக்கு அடைப்போ அன்றைக்குக் கூட்டம். கடைசி பஸ் நிறுத்தத்துக்கு அப்பால், கல் வெட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டுப் போன குவாரிச் சரிவு. அங்கே தானாக முளைத்துக் கிடப்பதையெல்லாம் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், பேர் தேடி நிலையத்துக்கு அனுப்புவார்கள். யாரும் செய்யச் சொல்லவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவுமில்லை.

ஒரே ஒரு சட்டம் உண்டு. நின்றுகொண்டு பார்த்தது செல்லாது. செடியின் கண் எங்கே இருக்கிறதோ அங்கே உன் கண்ணைக் கொண்டுபோக வேண்டும்.

மற்ற இருவரும் லேசாகக் குந்தி உட்கார்ந்துவிடுவார்கள். மாமனாரின் மூட்டுகளுக்கும் குந்துவதற்கும் ஆகாது. மண்டி போடத்தான் முடியும். கல்லும் முள்ளும் குத்தாமலிருக்க மருமகள் கோணித்துணியில் இரண்டு வட்டத் திண்டுகள் தைத்து, நாடா வைத்துக் கொடுத்திருந்தாள். முழங்காலில் கட்டிக்கொண்டு அவர் சரிவில் இறங்கும்போது பார்த்தால் யானைக்குட்டி ஒன்று வழி தவறி வந்ததுபோல இருக்கும்.

மழைக்காலம் முடியும்வரை அந்த யானைக்குட்டி வாயே திறக்கவில்லை. பிறகு ஒரு பனிக்காலையில் பாறைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல்.

"மருமகளே! ஓடி வா! போகுது, போகுது!"

பாம்போ என்று பதறிக்கொண்டு ஓடினாள். "எது மாமா போகுது?"

"பூ! கரைஞ்சு போகுதும்மா!"

பூவை அவள் சரியாகப் பார்க்கவில்லை. அவர் பேசியதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு குளக்கரையில் ஒன்று, ஓடைத் திருப்பத்தில் ஒன்று என்று போன இடமெல்லாம் நீலம் கண் திறந்தது. இடம் கூடக் கூட அவர் பேச்சும் கூடியது.

இன்று பனி நன்றாகவே இறங்கியிருந்தது. குவாரி முழுக்க வெள்ளை. மரங்கள் இருந்த இடத்தில் மரங்களின் ஞாபகம் மட்டும் நின்றது. நடந்தால் காலடிச் சத்தம் சற்றுத் தாமதமாக, வேறு யாருடையதோபோலக் காதுக்கு வந்தது.

"ஐயா, தாடியை அசைக்காதீங்க. ஓரம் சரி பண்றேன்" என்றான் கத்திரி. சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டிக் கத்திரிக்கோல் வைத்திருப்பான்.

"போதும்டா. அந்தம்மா வர்றது பூவைப் பாக்க. என் மூஞ்சிய இல்ல."

"பூ கரைஞ்சுடுச்சுன்னா வேற எதைப் பாப்பாங்க? உங்க மூஞ்சிதான் மிச்சம்."

மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மருமகள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, கண்டுபிடிச்சவன் பேர் வைக்கலாமா?"

"கேட்டுப் பாக்கலாம் மாமா. உங்க பேரை வைக்கவா?"

"என் பேரு எதுக்கு? ரயில்வேக்காரன் பேரு, புகை நாத்தம் அடிக்கும்." செடிகளைப் பார்த்தார். "உன் அத்தை பேரை வெக்கச் சொல்லிக் கேக்கப் போறேன்."

அத்தை. அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து எத்தனை காலம்! மருமகள், "பஸ் வருதான்னு பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பாறை மேல் ஏறினாள். அழுவதற்குக் கொஞ்சம் உயரம் தேவைப்பட்டது.

பஸ் தெரியவில்லை. கீழே பார்த்தாள்.

காற்று பனியை ஒரு போர்வைபோலத் தூக்கி மடித்தது. சரிவு தெரிந்தது. சரிவில் நீலம் தெரிந்தது. ஆனால் அது சிதறிக் கிடக்கவில்லை.

ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொரு வட்டம். கொஞ்சம் தள்ளி மறுபடி ஒரு ஜோடி. அதற்கப்பால் இன்னொன்று. பாறையைச் சுற்றி, குளத்தை ஒட்டி, ஓடைத் திருப்பம்வரை ஜோடி ஜோடியாக, மெதுவாக, நீலம் நடந்து போயிருந்தது.

அவள் கையில் மயிர் கூச்செறிந்தது. யார் நடந்தது? வட்டக் காலடி உள்ள எந்த மிருகம் இந்தச் சரிவில் இறங்கியது? அது கால் வைத்த இடத்திலெல்லாம் எப்படிப் பூ முளைத்தது? ஒரு கணம், கனவில் நடப்பதுபோல, எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது என்றுகூடத் தோன்றியது. யாரோ வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்த இடத்திலெல்லாம் நின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்போது மாமனார் பனிக்குள்ளிருந்து வந்தார். ஒரு நீல ஜோடிக்குப் பக்கத்தில் மண்டி போட்டார். பார்த்தார். எழுந்தார். ஈரமண்ணில் இரண்டு வட்டங்கள் பதிந்திருந்தன. பக்கத்திலிருந்த நீல வட்டங்களும் இவையும் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஒரே அச்சில் வார்த்ததுபோல!

அச்சு பார்ப்பது அவள் தொழில். கண் பொய் சொல்லாது.

அந்தத் திண்டுகள் வெட்டியது புறாத் தீனி வந்த கோணியிலிருந்து. ஆஸ்பத்திரிக்குக் கீழ்க்கடையில் கேட்டு வாங்கியது. உள்ளே அடைக்கப் பஞ்சுக்கு எங்கே போவது என்று, கோணியின் அடியில் தங்கியிருந்த உமி, தூசி, உதிரி விதை எல்லாவற்றையும் அவளேதான் வாரிப் போட்டுத் தைத்தாள். அவர் மண்டியிடுகிறார். தையல் விதையைக் கசியவிடுகிறது. முழங்கால் அதை மண்ணில் அழுத்துகிறது. எந்த விவசாயியும் இத்தனை பக்குவமாக விதைக்கமாட்டான். ஒவ்வொரு வாரமும் அதே செடிகளைப் பார்க்க அதே இடங்களுக்கு வந்ததும் அவர்கள்தானே!

பாறையிலிருந்து எப்படி இறங்கினாள் என்று தெரியாது. கத்திரியைப் பிடித்து ஓரமாக இழுத்துச் சொன்னாள். அவன் வாய் பிளந்தது.

"நம்ம ஐயாவோட முட்டியா?"

"மெதுவா பேசு!"

கத்திரி யோசித்தான். "அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். எதையும் பாக்காத மாதிரி இருந்துடுங்க. மனுஷன் பேசறாரு. அதுக்கு மேல என்ன வேணும்? பூவுக்கு என்ன, அது எங்க பொறந்தா என்ன?"

"நிலையத்துப் பதிவுல இது இந்த மண்ணோட செடின்னு ஏறிடும்டா."

"ஏறட்டும். செடி வந்து கேஸ் போடப்போகுதா?"

அவளுக்கும் அப்படியே விட்டுவிட ஆசைதான். சொல்லிவிட்டால் அந்த வாய் மறுபடி மூடிக்கொள்ளும். இந்த முறை திறக்க எந்தப் பூவும் வராது. சொல்லாவிட்டால்? மாமியாரின் பேர் ஒரு பொய்யின் கழுத்தில் தொங்கும். மழையில் தொப்பலாக நனைந்து வந்தாலும் வருவாரே தவிர, அடுத்தவர் குடையை இரவல் வாங்கமாட்டார் மாமியார்.

சாலையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

அவள் மாமனாரிடம் போனாள். எதிரே உட்கார்ந்து, அவர் முழங்கால் நாடாவை அவிழ்த்தாள்.

"என்னம்மா, தளர்ந்துடுச்சா?"

அவள் திண்டைக் கசக்கினாள். தையல் வழியாகக் கறுப்புப் பொட்டுகள் அவள் உள்ளங்கையில் உதிர்ந்தன. கடுகைவிடச் சிறியவை. "மாமா, பாறை மேலேருந்து பாத்தேன். பூவெல்லாம் ஜோடி ஜோடியா இருக்கு. நீங்க மண்டி போட்ட இடத்துல மட்டும்தான் இருக்கு." விதைகளை அவர் பக்கம் நீட்டினாள். "நான்தான் புறாத் தீனிய அடைச்சுத் தெச்சேன். என் தப்பு மாமா. அத்தை பேரை இரவல் பூவுக்கு வெக்க வேணாம்."

அவர் அவள் கையைப் பார்த்தார். சரிவைப் பார்த்தார். தன் முழங்கால்களைப் பார்த்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் பச்சை சிக்னல் சிவப்பானதுபோலப் பட்டென்று மாறியது. மற்றத் திண்டையும் அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு பனிக்குள் நடந்தார். சில அடிகளில் வெறும் நிழலானார். பிறகு அதுவும் இல்லை.

"போச்சு" என்றான் கத்திரி. "எல்லாம் போச்சு அக்கா."

நிலையத்து அம்மா முதுகுப்பையும் ரப்பர் பூட்ஸுமாக வந்து சேர்ந்தார். பஸ்ஸில் வந்த களைப்பே இல்லை. கண்கள் அதற்குள் தரையை மேய ஆரம்பித்திருந்தன. "எங்க அந்தப் பூ? வெயில் வர்றதுக்குள்ள காட்டுங்க, காட்டுங்க!"

மருமகள் பனிக்குள் பார்த்தாள். கத்திரி தாடியில்லாத தன் தாடையைச் சொறிந்தான்.

பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, நீங்க இவ்வளவு தூரம் வந்து பாக்கப்போறது பூவ இல்ல. என் முட்டிய."

மாமனார் வந்து நின்றார். இரண்டு திண்டுகளையும் நீட்டினார். ஒளிவு மறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். கோணி, தீனி, மண்டி, மழை. "தெச்சது மருமக, தேச்சது நான். குத்தம் பாதிப் பாதி." நிலையத்து அம்மா முதலில் முறைத்தார். பிறகு அவர் உதடு துடித்தது. பிறகு பாறையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் மண்டியிட்டு ஒரு பூவை நெடுநேரம் பார்த்தார்.

"எங்கயோ கடல் தாண்டி, தானியத்தோட வந்திருக்கு. அது பொறந்த ஊர்ல இதுக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருக்கும் ஐயா. புதுசா வெக்க முடியாது." சொல்வதற்கு அவருக்கே மனமில்லை. "இன்னும் விதை பிடிக்கல. இப்பவே பிடுங்கிடணும். விட்டா இந்தச் சரிவையே மூடிடும்."

மாமனார் தலையாட்டினார். மேலும் கீழும்.

அந்தத் தலையாட்டலை மருமகளுக்கு நன்றாகத் தெரியும்.

நாலு பேரும் பாறையடியிலிருந்து தொடங்கினார்கள். மாமனார் திண்டு இல்லாமல், வெறும் முழங்காலோடு மண்டி போட்டார். அவள் தன் துப்பட்டாவை மடித்துப் போடப்போனாள். கையால் விலக்கினார். வேரோடு ஒவ்வொன்றாக இழுத்தார்கள். இழுத்த வேகத்தில் பூக்கள் கரைந்து, விரலிடுக்கில் நீலமாக ஒழுகின. பனி மெலிந்துகொண்டிருந்தது. வேர் அறுபடும் சின்னச் சத்தம் மட்டும்.

குளத்தங்கரை முடிந்தது. ஓடைத் திருப்பத்துக்கு வந்தார்கள். அங்கே போகும் வழியெல்லாம் இன்னும் ஜோடி ஜோடியாக நீலம் காத்திருந்தது. மாமனார் முதுகை நிமிர்த்தி, அந்த நீளமான வரிசையை ஒரு முறை பார்த்தார். நீலக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"இதை மட்டும் அவ பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பா தெரியுமா?"

மருமகள் கையிலிருந்த செடியைப் பிடித்தபடியே நின்றாள்.

"'வீட்ல இருக்கற ஒரே ஒரு தொட்டிக்குத் தண்ணி ஊத்துங்கன்னா உடம்பு வளையாது. இங்க வந்து மலை முழுக்க விவசாயம் பண்ணியிருக்கீங்களா?' அப்படிக் கேட்டிருப்பா." மாமியாரின் குரல் அப்படியே வந்தது. அந்த இழுப்பு, அந்த இடிப்பு. "கேட்டுட்டு நாலு நாள் அதையே சொல்லிக் காமிப்பா. அஞ்சாவது நாள் பக்கத்து வீட்லயும் சொல்லுவா."

கத்திரி சிரித்தான். மருமகளால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன.

"கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவை, ராத்திரி ட்யூட்டி முடிச்சு வந்தேன்" என்று மாமனார் அடுத்த ஜோடிக்கு நகர்ந்தார். முழங்கால் கல்லில் பட்டு 'ஸ்' என்றார். "கதவைத் திறந்தவ கேட்ட முதல் கேள்வி என்னன்னு நெனக்கற?"

"என்ன மாமா?" என்றாள்.

வரிசை இன்னும் நீளமாக இருந்தது. அவள் ஒரு நேரத்தில் ஒரே ஒரு செடியாக, மெல்ல, மிக மெல்லப் பிடுங்கினாள்.