மாப்பிள்ளை கலர்

எனக்கு லியோவைப் பிடித்துப்போனது அவருடைய பேச்சால்தான். முகமெல்லாம் அப்புறம். மாப்பிள்ளை உக்கடத்தில் ஒரு பெயின்ட் கடையில் கலர் கலக்குகிற மெஷினைப் பார்த்துக்கொள்கிறார் என்று தரகர் சொன்னபோது, "டப்பா தூக்குறவனா?" என்று அம்மாவிடம் எகிறினேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் வாயைத் திறந்தார், என் எகிறல் போன இடம் தெரியவில்லை. நமக்குப் பச்சை என்றால் கரும்பச்சை, கிளிப்பச்சை, அதோடு சரி. இவரோ ஆலிவ் என்கிறார், மஸ்டர்ட் என்கிறார், டெரகோட்டா, லாவெண்டர் என்கிறார். என் சேலையைப் பார்த்து, "ஒயின் ரெட்டுங்களா? எடுப்பா இருக்குதுங்க" என்றார். நானே அதை வெறும் சிவப்பு என்றுதான் நினைத்துக் கட்டியிருந்தேன்.

கலரோடு நிற்கிற ஆளும் இல்லை. அம்மாவின் முறுக்கு கிரிஸ்பி. அப்பாவின் பட்டறையில் லேத் போடுகிற சத்தம் ஸ்க்ரீச். அப்பாவின் வழுக்கை பர்ஃபெக்ட் ஓவல். இது போனில் எனக்கு மட்டும் சொன்னது. என் குரல் ஹஸ்கியாம். சளி பிடித்த குரல் என்று கோயில் பாடகர் குழுவில் என்னைச் சேர்க்காமல் விட்டார்களே, அதே குரல். அன்றைக்கு முழுக்க ஹஸ்கி ஹஸ்கி என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டைச் சுற்றினேன். "பேய்கீய் புடிச்சிருச்சா அம்மணி?" என்றாள் அம்மா.

ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று முடிவானது. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். "பெயின்ட்டும் என்னுதுங்க மாமா, அடிக்கறதும் நானேதானுங்க" என்று லியோ ஒற்றைக்காலில் நின்றார். மாப்பிள்ளையை வேலை வாங்குவதா என்று அப்பா நெளிந்தார். மறுக்கவும் அவருக்கு வாய் வரவில்லை. நாங்கள் பெருந்துறையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் லியோ ஹாலை முடித்துவிட்டார்.

உள்ளே வந்து பார்த்தோம். சுவரெல்லாம் இளசான பிஸ்தாப் பச்சை. டிவி இருக்கிற சுவரில் மட்டும் ஜன்னல் வரைக்கும் பச்சை, ஜன்னலைத் தாண்டினால் வெளிறிய ஆரஞ்சு. கடைப் பாஷையில் அதற்குப் பீச் என்று பெயராம். லியோ தலையில் துண்டும் மூக்கில் பெயின்ட்டுமாக நின்றார்.

"எப்புடீங்க மாமா? எல்லாப் பக்கமும் யூனிஃபார்மா வந்திருக்குதுங்களா?"

அப்பா சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை காப்பியில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பார்களே ஒழிய, முகம் சுளிக்க மாட்டார்கள்.

"ஜம்முனு இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா.

"கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குதுங்க" என்றாள் அம்மா.

நான் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

சிரித்து ஓய்ந்ததும் கோபம் வந்தது. பெயின்ட் தீர்ந்திருக்கும், கையில் கிடைத்ததை அடித்துவிட்டு யூனிஃபார்ம் என்று எங்கள் காதில் பூச்சுற்றுகிறார் என்றுதான் நினைத்தேன். நானாகக் கேட்கப் போவதில்லை, அவராகச் சொல்லட்டும். மூடி மறைக்கிற ஆளோடு எனக்குக் குடித்தனம் சரிப்படாது. தாலி ஏறுவதற்குள் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை வந்தாலே எழுந்துபோய்த் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பேன். அந்த அளவுக்கு ஆளைப் பிடித்துத் தொலைத்திருந்தது.

இதற்கு நடுவில் பக்கத்து வீட்டுச் சின்னாத்தாள் அக்கா வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க கிளாடிஸு, இதென்னுங்க பாதி ஒரு கலரு, பாதி ஒரு கலரு?"

அம்மாவா மாப்பிள்ளையை விட்டுக்கொடுப்பாள்? "இப்ப இதுதானுங்க பேசனு. மாப்பிள்ளை பெயின்ட் கடைல இருக்கறாரில்லீங்க, அவரு செலக்சனுங்க."

அடுத்த வாரமே சின்னாத்தாள் அக்கா வீட்டுக் காம்பவுண்டு பாதி பச்சை, பாதி பீச். அதைப் பார்த்து மயில்சாமி அண்ணனின் மளிகைக்கடை. அதைப் பார்த்து வீதி முனைக் கோழிக்கடை. 'மாப்பிள்ளை கலர்' என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். லியோ பைக்கில் வரும்போது அந்தச் சுவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டே வருவார். "வீதியே ஒரே கலரா நீட்டா இருக்குதுங்க" என்பார். நாங்கள் மூன்று பேரும் ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டுவோம். எனக்கு விலா வலிக்கும், உள்ளுக்குள் எரியவும் எரியும்.

சின்னாத்தாள் அக்காவின் வீட்டுக்காரர் காளிச்சாமி மாமாவுக்கு ஆசை அடங்கவில்லை. வீட்டு உள்ரூமுக்கும் அதே கலர் வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை உக்கடத்துக்கே போய் லியோவின் முன்னால் நின்றிருக்கிறார். "உங்க மாமனாரு ஊட்டுல அடிச்சீங்களே, அந்த ரெண்டு கலரும் வேணுமுங்க."

"ரெண்டுங்களா?" என்றாராம் லியோ.

"ஜன்னலுக்கு இந்தாண்ட பச்சை, அந்தாண்ட பீச்சுங்க."

லியோவின் முகம் செத்துப்போய்விட்டதாம். இது எங்களுக்குப் பிறகு தெரிந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கல்யாணத்துக்குக் கடைசி ஓலை, அதாவது கோயிலில் வாசிக்கிற கல்யாண அறிவிப்பு. பூசை முடிவில் சகாயம் ஃபாதர் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, "இத்திருமணத்திற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும்" என்றார். எல்லாக் கல்யாணத்துக்கும் வாசிக்கிறதுதான். அந்த வரி வரும்போது எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வெளியே வந்தால் லியோவைக் காணோம். வீட்டில் பிரியாணி ஆறுகிறது. தேடிக்கொண்டு ஃபாதர் பூசை உடுப்பு மாற்றுகிற அறைக்குப் போனேன். கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

"தடை இருக்குதுங்க ஃபாதர்."

உடுப்பைப் பாதி கழற்றிய ஃபாதர் அப்படியே நின்றார். "யாரு மேலங்க?"

"மாப்பிள்ளை மேலதானுங்க. என்மேல."

ஃபாதர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வேற கல்யாணம் ஏதாச்சும்..."

"ஐயோ, அதில்லீங்க. எனக்குப் பச்சைக்கும் பீச்சுக்கும் வித்தியாசம் தெரியாதுங்க. பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க. கடைல நம்பரைத் தட்டினா மெஷினே கலக்கிப்போடும். மாமா ஊட்டுல கடைசில பெயின்ட் பத்தலீங்க. லேபிள் இல்லாத டின்னு ஒண்ணு இருந்துச்சு, அதே கலருன்னு நெனச்சு அடிச்சுப்போட்டேனுங்க. மறைச்சுக் கட்டுனா ஏமாத்துன மாதிரிதானுங்களே?"

சிரிப்பை அடக்கியதில் ஃபாதரின் தோள் குலுங்கியது. "திருச்சபைச் சட்டத்துல பெயின்ட்டப் பத்தி ஒண்ணுமே இல்லீங்க தம்பி. அந்தப் புள்ளகிட்டச் சொன்னீங்களா?" என்று கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

லியோ திரும்பினார். நான் பொரிந்து தள்ளினேன். "ஊருக்கே ஓலை வாசிச்சா வந்து சொல்லத் தெரியுது, எங்கிட்டச் சொல்ல வாயில்லீங்களா? அப்ப அந்த ஆலிவு, லாவெண்டரு? என் சேலை ஒயின் ரெட்டுன்னீங்களே?"

"அன்னைக்குப் பக்கத்துல உக்காந்திருந்த எங்கக்கா காதுல சொல்லிக்குடுத்துச்சுங்க" என்றார். "மத்ததெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம். எங்கிட்டக் கலரு இல்லீங்க கரோலின், பேரு மட்டுந்தான் இருக்குது. உங்க குரலை ஹஸ்கின்னேனே, அது மட்டும் யாரும் சொல்லிக்குடுக்கலீங்க. அது நானே கேட்டதுங்க."

என் கோபம் பொசுக்கென்று போய்விட்டது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கட்டினால் இந்த ஆளைத்தான் என்று ஃபாதர் இருக்கிறார் என்றும் பார்க்காமல் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

என் முதுகுக்குப் பின்னால் செருமல் கேட்டது. அப்பாவும் அம்மாவும். எவ்வளவு நேரமாக நிற்கிறார்களோ.

லியோ கை கூப்பினார். "மாமா, மன்னிச்சுப்போடுங்க. நீங்க வேண்டாம்னு சொன்னாலும் நாயம்தானுங்க."

அப்பா அவர் கூப்பிய கையைப் பிடித்து இறக்கினார். "டேய் லியோ" என்றார். மாப்பிள்ளை இல்லை, வாங்க போங்க இல்லை. பெற்ற பிள்ளையான என்னைத் தவிர வேறு ஒருவரை அப்பா அப்படி உரிமையோடு கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. "செவுத்துல ஒரு பாதி கண்றாவியா இருக்குதுடா. டிவி பாக்க முடியல, சோறு எறங்கல. நாளைக்கே வந்து மாத்தி அடிச்சுப்போட்டுத்தான் நீ அடுத்த சோலி பாக்கோணும்."

"ஆமாங் கண்ணு, வாந்தியே வருது" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தவள் பாவம்.

லியோ புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"எந்தப் பாதிங்க மாமா?" என்றார்.