திங்கட்கிழமை மரத்துப்போன கை

கனீஸ் ஃபாத்திமாவுக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் உண்டு. அதனால்தான் வேலையை விட்டாள். அடிவாரத்து ஊரொன்றில், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கென்று இருந்த இன்சூரன்ஸ் டிஸ்பென்சரியில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்தவள். தினமும் இருநூறு பேர் சீட்டோடு வரிசையில் நிற்பார்கள். வயிற்றுவலி என்றவனிடம் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்குள் அடுத்தவன் சீட்டை நீட்டிவிடுவான். கேட்காமல் விட்ட கேள்விகள் சாப்பாட்டு நேரத்திலும் அவளைக் குடைந்தன.

முப்பத்தைந்தாம் வயதில், 1963-ல், ஜமுனாமரத்தூரில் ஓர் ஓட்டுவீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு மலையேறிவிட்டாள். புண்ணுக்குக் கட்டுப் போட்டாள், பிரசவம் பார்த்தாள், காய்ச்சல்காரர்களைக் கவனித்தாள். தன் கைக்கு மீறியதைத் திருப்பத்தூருக்கு அனுப்பினாள். இங்கே யாரிடமும் இன்சூரன்ஸ் சீட்டு கிடையாது. முடிந்தவர்கள் நாலணா கொடுத்தார்கள். வீட்டு வாடகையையும் மருந்துச் செலவையும் தம்பி நசருல்லா பார்த்துக்கொண்டான். அவன் வாணியம்பாடியில் இருந்துகொண்டு, தோல் பதனிட உதவும் கடுக்காயை மலையில் வாங்கி ஆலைகளுக்குக் கொடுக்கும் வியாபாரி.

அடுத்த வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, கோணமரத்தூரிலிருந்து அம்மாக்கண்ணு என்ற பெண் வந்தாள். குடிக்கக் கொடுத்த தண்ணீர் டம்ளர் அவள் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. அம்மாக்கண்ணு அழ ஆரம்பித்துவிட்டாள்.

“இதாங்க நர்சம்மா. பிடிச்சா பிடிச்ச மாதிரியே தெரியல. பெருவியாதின்னு ஊர்ல பேசிக்கிறாங்க. பத்து நாளா மாட்டுக் கொட்டாய்லதான் படுக்க சொல்லிட்டாங்க.”

“யாரு சொன்னது?”

“எங்க வூட்டுக்காரரோட அண்ணன். தட்டு கூட தனியா வெச்சிட்டாரு.”

ஃபாத்திமா அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சால் ஒவ்வொரு விரலாகத் தொட்டாள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் உணர்வு மங்கியிருந்தது. மற்ற விரல்கள் சரியாக இருந்தன. உடம்பில் தொழுநோய்க்கு அடையாளமான தேமலோ படையோ இல்லை. முழங்கைக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள், நரம்பு தடித்திருக்கவில்லை.

“எப்பவுமே இப்படித்தானா?”

“இல்லீங்க. வியாழக்கிழமை சந்தை அன்னிக்கி நல்லா கீது. திங்கக்கிழமை ஆனா செத்துப் போய்டுது.”

ஃபாத்திமாவின் கை அப்படியே நின்றது. கிழமை பார்த்து வரும் தொழுநோயை அவள் கேள்விப்பட்டதில்லை.

“உங்க ஊர்ல வேற யாருக்காச்சும் இப்படி கீதா?”

அம்மாக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “பச்சையம்மாவுக்கும் கீது, ராணியம்மாளுக்கும் கீது. வெளிய சொல்லாதீங்க. அதுங்களையும் கொட்டாய்க்கு அனுப்பிடுவாங்க.”

அந்த வெள்ளிக்கிழமையே ஃபாத்திமா பையைத் தூக்கிக்கொண்டு கோணமரத்தூருக்கு நடந்தாள். இருபத்திரண்டு வீடுகள். ஊற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். சாமையைக் குத்தும் உலக்கையை வாங்கிக் குத்திப் பார்த்தாள். யார் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார்கள் என்றுகூடக் கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். “மருந்து குடுக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?” என்றாள் பச்சையம்மா.

மத்தியானம் களி கிளறினார்கள். அம்மாக்கண்ணுவுக்குத் தனியாக வைத்திருந்த அலுமினியத் தட்டிலேயே ஃபாத்திமாவும் கைவைத்து, ஒரு உருண்டை எடுத்துச் சாப்பிட்டாள். அம்மாக்கண்ணுவின் புருஷன் சடையன் பதறிப்போனான்.

“இன்னாங்க இது! எங்க அண்ணன் சொல்றாரு…”

“உங்க அண்ணனுக்குச் சந்தேகம்னா பெரிய டாக்டருகிட்ட நானே கூட்டினு போறேன். எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா இது இன்னான்னுதான் இன்னும் தெரியல.”

தெரியவில்லை என்று ஒரு மருத்துவச்சி சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை.

அவள் ஊரைவிட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பெண்கள் வரிசையாகக் கிளம்புவதைப் பார்த்தாள். ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு கோணி மூட்டை. கடுக்காய்ப் பருவம் அது. திங்கட்கிழமை லாரி வரும். அதற்குள் மூன்று மைல் நடந்து ரோட்டில் மூட்டைகளைச் சேர்க்க வேண்டும். ஃபாத்திமாவும் கூடவே நடந்தாள். ஒரு மைல் போனதும் அம்மாக்கண்ணு வலது கையைத் தொங்கவிட்டு உதறினாள். சற்றுப் பின்னால் பச்சையம்மாவும் உதறினாள்.

“இறக்குங்க!” என்று ஃபாத்திமா கத்தினாள். “அந்த மூட்டையை என் தலையில வையுங்க.”

இரண்டு பேர் பிடித்து ஏற்றிவிட்டார்கள். முதல் அடியிலேயே கழுத்து உள்ளே இறங்கியது போலிருந்தது. மூட்டை ஒரு பக்கம் சாய, கழுத்தை மறுபக்கம் ஒடித்துத்தான் நடக்க முடிந்தது. வழியிலிருந்த ஓடைக்கரை வரைதான் போனாள். தோளிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

“கழுத்துல நரம்பு நசுங்குது,” என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துப் பெண்கள் குழம்பினார்கள். “போன வருஷமும் மூட்டைதானா?” என்று கேட்டாள்.

“இல்லீங்க, மூங்கில் கூடை. இந்தத் தையிலருந்துதான் கோணி.”

மூட்டையை இறக்கியபோதுதான் அதன் மேல் இருந்த நீல மையைக் கவனித்தாள். பிறையும் அதற்குள் ஒரு ‘ந’வும். தம்பியிடமிருந்து அவளுக்கு மருந்து வரும் பெட்டிகளிலும் அதே முத்திரைதான். சந்தோஷம் அங்கேயே வடிந்துவிட்டது.

திங்கட்கிழமை லாரியோடு நசருல்லாவே வந்திருந்தான். அக்காவை அங்கே பார்த்ததும் ஓடிவந்தான். “ஆபா, நீ இங்க இன்னா பண்றே?”

“ஒரு மூட்டை எவ்வளவு கனம்னு உனக்குத் தெரியுமா?”

“ரெண்டரை மணங்கு, இருபத்தெட்டு கிலோ இருக்கும். கோபால்சாமிதான் கோணி வாங்கிக் குடுத்தான். லாரியில அடுக்க லேசா இருக்குதுன்னு சொன்னான்.”

கோபால்சாமி அவனுடைய மலை ஏஜெண்ட். லாரியில் தொங்கிய கொக்கித் தராசில் ஒரு மூட்டையை மாட்டச் சொன்னாள் ஃபாத்திமா. முள் நாலேகால் மணங்கில் நின்றது.

“கூடை ரெண்டு மணங்கு,” என்றாள் அம்மாக்கண்ணு. “கூலி மட்டும் கூடைக்கும் மூட்டைக்கும் ஒண்ணுதான் தர்றாரு ஏஜெண்டு.”

நசருல்லா கோபால்சாமியைத் திரும்பிப் பார்த்தான். கோபால்சாமி லாரிச் சக்கரத்தைப் பார்த்தான்.

“சத்தியமா எனக்குத் தெரியாது ஆபா.”

“தெரியாதுன்றது எனக்குத் தெரியும். நீ கேக்கவே இல்ல, அதான் தப்பு.”

அன்று முதல் ஒரு மூட்டைக்கு இரண்டு மணங்குக்கு மேல் கூடாது, கூலி எடைக்குத்தான் என்று நசருல்லா சொல்லிவிட்டான். கோபால்சாமியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டு ராணியம்மாளின் புருஷன் மாதையனை வைத்தான். ஆனால் கிளம்பும் முன் அக்காவைத் தனியே அழைத்தான். “கூலி ரெண்டு பங்கு ஆவுது ஆபா. இந்த வருஷம் உன் வாடகையை நான் கட்ட முடியுமான்னு பாக்கணும்.”

“நீ கட்ட வேணாம்,” என்றாள் அவள். வீம்பில் சொல்லவில்லை. அந்த முத்திரையைப் பார்த்தபிறகு அந்தப் பணத்தை வாங்க அவளுக்கு மனமில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. பங்குனி முழுக்க, மலையைவிட்டு இறங்குவதா என்று யோசித்துக்கொண்டே கட்டுப் போட்டாள்.

சித்திரையில் கோணமரத்தூர்ப் பெண்கள் எட்டுப் பேர் வந்தார்கள். பச்சையம்மா பேசினாள்.

“அறுப்புக்கு அறுப்பு வூட்டுக்கு ஒரு மரக்கா சாமை தர்றோம். நோவு வந்தாலும் வர்லன்னாலும். ஆனா மாசம் ஒருவாட்டி நீ ஊருக்கு வரணும்.”

“நோவு இல்லாத வூட்டுக்கும் வரணுமா?”

“அங்கதான் வரணும். வந்து அது இன்னா, இது இன்னான்னு கேக்கணும். நீ கேட்டப்புறம்தான் எங்களுக்கே தெரியுது.”

வைகாசிக்குள் பக்கத்து இரண்டு ஊர்களும் சேர்ந்துகொண்டன. பழைய அறுப்பிலிருந்து முதல் பங்காக வந்த சாமையில் பாதியைச் சந்தையில் விற்று வாடகை கட்டினாள்.

அம்மாக்கண்ணு வீட்டுக்குள் படுக்க ஆரம்பித்த நாள் எது என்று ஃபாத்திமாவுக்குத் தெரியாது. ஒரு மாதம் அவள் ஊருக்குப் போனபோது கொட்டகையில் மாடுகள் மட்டும் இருந்தன. சடையனின் அண்ணன் அம்மாக்கண்ணுவைக் கண்டால் இன்னும் விலகித்தான் நடந்தான்.

பச்சையம்மாவுக்கும் ராணியம்மாளுக்கும் கை சீக்கிரமே சரியாகிவிட்டது. அம்மாக்கண்ணுவின் கட்டைவிரல் மட்டும் பிடிவாதமாக இருந்தது. நசுங்கிய நரம்பு திரும்புமா, திரும்பினால் எத்தனை நாளில் என்று ஃபாத்திமாவுக்கு அறிய ஆசை. மாதாமாதம் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டாள். ஆனியில் இல்லை, ஆடியிலும் இல்லை. ஆவணியில் ஏதோ தொட்ட மாதிரி இருந்தது என்றாள் அம்மாக்கண்ணு, ஃபாத்திமாவின் மனசு நோகக்கூடாதென்று.

ஐப்பசி மழையில் ஒருநாள், நனைந்துகொண்டே அம்மாக்கண்ணு ஃபாத்திமாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கட்டைவிரல் சிவந்து வீங்கியிருந்தது.

“கட்டெறும்பு கடிச்சிடிச்சி நர்சம்மா!” அவளுக்கு மூச்சு முட்டச் சிரிப்பு வந்தது. “வலியில உசுரே போய்டிச்சிங்க!”