கப்பலில் நிற்கும் மா

நான் சர்வதேச நிதி படித்தவள். அது என்ன படிப்பென்று கேட்காதவர் எங்கள் தெருவில் இல்லை. பதிலைக் கடைசிவரை கேட்டவரும் இல்லை. கோயிலுக்குப் போனால், "நிலுஷா, டொலர் எப்ப இறங்கும்?" என்பார்கள், ஏதோ என்னிடம் கேட்டுத்தான் அது ஏறியதுபோல. இந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று எனக்கே விளங்கவில்லை. ஒரு விரிவுரையாளர் வங்கி என்றார், இன்னொருவர் பங்குச் சந்தை என்றார், மூன்றாமவர் லண்டன் என்றார். நான் திருகோணமலைக்குத் திரும்பி வந்தேன்.

என் அப்பா பேணாட் ஒரு பேக்கரி நடத்துகிறார். அவர் எனக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்: பட்டதாரிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் நியமனம். திங்கட்கிழமை மூதூருக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும்.

"அங்க என்ன வேலை அப்பா?"

"கதிரை தருவினம், இருந்தாச் சரி. பென்சன் இருக்கு பிள்ளை."

அந்தக் கதிரையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை துறைமுகத்தடியில் ஒரு இறக்குமதிக் கொம்பனியில் நேர்முகம் இருந்தது. அதுவும் போனால் கதிரைதான்.

முகாமையாளர் கனகசுந்தரம் என் சான்றிதழைப் பார்க்கவேயில்லை. ஜன்னலைக் காட்டினார். மழைக்குள் ஒரு கப்பல் நின்றது. ஊரே அறிந்த கப்பல். கோதுமை மா வந்து நிற்கிறது, கட்ட டொலர் இல்லை, இறக்க முடியவில்லை. மா இல்லாமல் அப்பா பாண் சுடும் போறணையும் நெருப்பில்லாமல் ஆறிக் கிடந்தது.

"அதுக்குள்ள இருக்கிற மா இப்ப ஆரின்ர? சொல்லுங்கோ பிள்ளை."

இந்தப் பாடத்தில் எனக்கு ஏ. "வித்த ஆளின்ர சேர். இல்லை, கப்பல் பத்திரம் வங்கியில இருக்கிறபடியா வங்கியின்ர. ஆனா ஓடர் குடுத்தது நீங்கள், அப்ப உங்கட..." ஒரு மாவுக்கு மூன்று சொந்தக்காரர் வந்துவிட்டார்கள். "எனக்குத் தெரியேல்லை சேர்."

பக்கத்திலிருந்த கணக்காளர் இன்ஷாப் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "காசு குடுக்கும் வரைக்கும் வித்தவன்டதான்" என்றார்.

"அதெப்பிடி? கப்பலில ஏத்தினவுடன எங்கட!" என்றார் முகாமையாளர்.

இருவரும் பிடித்துக்கொண்டார்கள். நான் இருப்பதையே மறந்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

"சேர், மா ஆரின்ரயாவது இருக்கட்டும். மழைத்தண்ணி போய் நனைஞ்சா நட்டம் ஆருக்கு?"

இன்ஷாப் ஒப்பந்தத்தைப் புரட்டினார். "எங்களுக்குத்தான்" என்றார் மெதுவாக. "காப்புறுதியும் இந்த மாசத்தோட முடியுது."

"மாவும் கைக்கு வரேல்லை, நட்டம் மட்டும் எங்களுக்கோ?" என்று முகாமையாளர் என்னைப் பார்த்தார், ஒப்பந்தத்தை நான்தான் எழுதியதுபோல.

"கிடைக்கிற டொலரைக் கட்டக் கட்ட, அந்தளவுக்கு மாவை விடச் சொல்லி வித்த ஆக்களிட்டக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லை. கேட்பது யார் வேலை என்று அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"திங்கக்கிழமை வாங்கோ பிள்ளை" என்றார் முகாமையாளர்.

"என்ன வேலைக்கு சேர்?"

முகாமையாளர் மறுபடியும் ஜன்னலைக் காட்டினார்.

பதவியின் பெயர் தெரியாமல், மா யாருடையதென்றும் தெரியாமல், நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா வெறும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கொம்பனியும் திங்கள்தான் வரச் சொல்லுது அப்பா. நான் மூதூருக்குப் போகேல்லை." ஏச்சு விழும் என்று நின்றேன்.

"அங்க பென்சன் இருக்கோ?"

"தெரியாது."

"என்ன உத்தியோகம்?"

"அதுவும் தெரியாது. அந்தக் கப்பலில நிக்கிற மாவை இறக்க வழி பாக்க வேணும்."

அப்பா போறணைக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார்.

"நாளைக்கே போக ஏலாதோ பிள்ளை?" என்றார்.