சமத்து

1

இந்தக் கதை என் அண்ணி சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்ன ஒரு வாக்கியத்தில் பிறந்தது. “கைக்குழந்தையை யாராவது சமத்துன்னு சொன்னா எனக்குப் பயமா இருக்கு” என்றார். நானோ கதைக்கு ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தேன். விடுவேனா?

அண்ணிக்குப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. பிறந்த குழந்தைகளின் குதிகாலில் குத்தி, தடித்த காகிதத்தில் ஒற்றிய ரத்தப் பொட்டுகள் அவரிடம் வரும்; அவற்றில் என்ன இருக்கிறது என்பதை இயந்திரம் கோடாக வரைந்து காட்டும். குடிக்கிற பாலையே உடம்பு விஷமாக்கிக்கொள்ளும் பிறவிக் கோளாறுகள் சில உண்டு. பெற்றோர் இருவரிடமிருந்தும் ஓசையில்லாமல் வந்து சேர்பவை. பார்த்தால் தெரியாது என்பதால்தான் எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சோதனை.

(என் முதல் வாக்கியம் இப்படி இருந்தது: “இயந்திரம் வரைந்த கோடு விதியின் கையெழுத்தைப் போல—” அடித்துவிட்டேன். விதியாம், மண்ணாங்கட்டி.)

2

அண்ணியிடம் வந்த ஒரு பொட்டில் கோளாறு தெரிந்தது. அந்தக் குழந்தையின் தாயை முதலில் விவரம் தெரியாத பெண்ணாக எழுதினேன். படித்துவிட்டு அண்ணி சண்டைக்கே வந்துவிட்டார். அவள் கணக்கு டீச்சராம். “அழாத குழந்தையைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? உனக்கு வருமா?” என்றார்.

வராதுதான். ஆகவே திருத்துகிறேன். மாடி வீடு. கொடியில் குட்டித் துணிகள். மூத்த பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது கத்திக் கத்தி உயிரை வாங்கியவன். இரண்டாவதாக வந்தவளோ தூங்கிக்கொண்டே இருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். டீச்சரும் அப்படித்தான் நினைக்கிறாள், பாவம்.

3

கோளாறு தெரிந்த அன்று, டாக்டர் ஒரு போனில் ஆஸ்பத்திரியில் படுக்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்ததால், இன்னொன்றில் வீட்டை அழைக்கும் வேலை அண்ணிக்கு வந்தது. பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

“ரொம்ப சமத்துங்க. பாலுக்குக்கூட அழறதில்ல. இன்னிக்கு எழுப்பிக் குடுத்தும் பாதியில தூங்கிட்டா.”

பாப்பா நனைத்த துணியில் ஏதாவது வாசனை வருகிறதா என்று அண்ணி கேட்டதும் டீச்சர் சிரித்துவிட்டாள்.

“உங்களுக்கு எப்படிங்க தெரியும்? கருகின சர்க்கரை மாதிரி இருக்கும். அவங்கப்பா சர்க்கரைக்கட்டின்னுதான் கூப்பிடுவார்.”

(இங்கே ஒரு உவமை எழுதலாம். எனக்கு மனசு வரவில்லை.)

அண்ணி விஷயத்தைச் சொன்னார். இந்த நிமிஷமே கிளம்ப வேண்டும், மற்றதை டாக்டர் அங்கே பார்த்துக்கொள்வார், தாமதித்தால் மூளையைப் பாதிக்கும் என்றார்.

“என் பால்லயா தப்பு?”

“பால்ல தப்பில்லம்மா. உங்க மேலயும் இல்ல. அவ உடம்புக்கு அதைக் கையாளத் தெரியல, அவ்வளவுதான். அவளுக்குன்னு தனிப் பால் இருக்கு. எழுப்பித் தூக்கிட்டு வாங்க.”

“எழுப்பினா அழுவாளே.”

“அழட்டும்மா” என்றார் அண்ணி. சொல்லும்போது அவருக்கே தொண்டை அடைத்ததாம்.*

* “அடைக்கவில்லை, சளி” என்று ஓரத்தில் எழுதித் தந்திருக்கிறார். நம்பாதீர்கள்.

4

முடிவு ஒன்று: தனிப் பால், அளந்த சாப்பாடு, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. பெண் வளர்ந்து வாலு என்று பெயரெடுக்கிறாள்.

முடிவு இரண்டு: கார் சிக்னலில் நின்றபோது அவள் கை துவண்டு—

முடியாது. நான் எழுத மாட்டேன்.

நடந்தது அண்ணிக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தார். நான்தான் தடுத்தேன். தொட்டிலில் குனிந்திருக்கும் அந்தத் தாய்க்கே தெரியாதது எனக்கு முந்திக்கொண்டு தெரிவது நியாயமில்லை. போன் இன்னும் அவள் காதில்தான் இருக்கிறது. “கண்ணு, எந்திரிம்மா” என்கிறாள். பாதத்தைச் சுரண்டுகிறாள்.

இனி உங்கள் பாடு. அடுத்த வரியை எழுதுங்கள். தயவுசெய்து சமத்தாக எழுதித் தொலைக்காதீர்கள். கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்து, என்னங்க இது, காது கிழியுது என்று சண்டை போட வேண்டும்.