தனோஜனின் உயரம்

மெல்பேர்ணிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் விமானம் ஏறி வந்து, நியூசிலாந்தின் பக்குரங்காவில் சோதிலிங்கத்தின் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, அவருடைய மகனைத் தரச் சொல்லிக் கேட்டார் என்றால் யார் நம்புவார்கள்? பெண் கேட்டு வருவதுண்டு. இது பையனைக் கேட்டு வந்த சம்பந்தம். சோதிலிங்கம் காலையிலேயே சவரம் செய்து, கோயிலுக்குப் போடுகிற முழுக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். அவர் மனைவி செல்வநாயகியோ குசினி அடுப்பை விட்டு நகரவில்லை. வடை சுட்டாள். பாதி கருகிப் போனது.

எடுத்ததற்கெல்லாம் ரக்பி என்று குதிக்கிற ஒக்லாந்தில் ஆஸ்திரேலியக் காற்பந்து ஆடுகிறவர்கள் ஒரு கைப்பிடி. பள்ளிக்கூடத்தில் எவனோ பிள்ளையின் உயரத்தைப் பார்த்து அந்தக் கைப்பிடிக்குள் இழுத்துப் போட்டுவிட்டான். ஆறடி ஐந்து அங்குலம். நடுவர் பந்தைத் தரையில் குத்தி மேலே எழுப்ப, இரண்டு பக்கத்து நெட்டையர்களும் ஓடி வந்து, முழங்காலை முன்னுக்குத் தூக்கியபடி அந்தரத்தில் மோதி, பந்தைத் தங்கள் ஆட்களிடம் தட்டிவிட வேண்டும். அப்படி மோதுகிற நெட்டையனுக்கு ரக்மேன் என்று பெயர்; பிள்ளைக்கும் அந்த வேலைதான். ஒரே ஒருமுறை பார்க்கப் போன செல்வநாயகி கண்ணைப் பொத்திக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் வேலை, சனிக்கிழமை பின்னேரங்களில் வீங்கிய முழங்காலுக்கு ஐஸ் வைப்பதுதான்.

வந்தவர் பெயர் ஹார்லன். கிளப்புக்கு ஆள் பொறுக்குகிறவர். தாயின் வாயால் சம்மதம் கேட்காமல் போகமாட்டேன் என்றார். செல்வநாயகியின் இங்கிலீஷ் கடைக்குப் போய்வரத்தான் காணும்; அதற்கு மேல் ஓடாது. அதனால் ரவிசங்கரைத் துணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மதுரைக்காரர், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர். பையனின் முழங்காலைப் படம் எடுத்துக் கொண்டுவந்ததும் அவர்தான். பிள்ளையை வெளியே அனுப்பியிருந்தார்கள். காங்கிரீட் முற்றத்தில் அவன் அந்த முட்டைப் பந்தைக் குத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இவங்க கிளப்புக்குள்ளயே ரெண்டு கட்சியாம் அக்கா," என்றார் ரவிசங்கர். "ரக்மேன் தேறி வர இருபத்திரண்டு, இருபத்திமூணு வயசாகும். அதுவரைக்கும் சின்னப் பையனை எடுத்து வச்சிக்கிட்டு எதுக்கு மாரடிக்கணும், வேற எங்கயாவது வளர்ந்து வரட்டும், அப்புறம் பார்க்கலாம்ங்கிறது ஒரு கட்சி. இவரு மத்த கட்சி. ஓடக் கத்துக் குடுக்கலாம், உயரத்தைக் கத்துக் குடுக்க முடியாது, இப்பவே பிடிச்சுப் போடணும்ங்கிறாரு."

"சின்னப் பெடியனைப் பெரிய ஆக்களோட மோத விட்டால் என்ன செய்யும் எண்டு கேளுங்கோ தம்பி."

ரவிசங்கர் கேட்டார். ஹார்லன் மழுப்பவில்லை. அவர்கள் எடுத்த ஒருவனுக்கு முதல் மாதமே முழங்கால் போய்விட்டதாம். இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறானாம். "அவனுக்கு வயசு பத்தாது, நாங்க அவசரப்பட்டுட்டோம்ங்கிறாரு. உங்க பையனுக்குப் பதினேழு முடியப் போகுது, தாங்குவான்ங்கிறாரு."

செல்வநாயகி முற்றத்துப் பக்கம் பார்த்தாள். அவளுடைய பையனுக்குப் பதினைந்து.

ஊரில் பிளேன் வந்து போட்ட குண்டில் வீடு எரிந்தபோது மூத்தவன் தனோஜன் போய்விட்டான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. மிஞ்சியவன் பத்து வயதுத் திலக்சன். பிறப்புப் பத்திரங்களில் தப்பியதோ மூத்தவனுடையது மட்டும். சாவைப் பதிய அன்று அரசாங்கக் கந்தோரும் இல்லை. இருக்கிறதைக் கொண்டு போங்கோ, கேள்வி கேட்டு மினக்கெடாதேயுங்கோ என்றான் கொழும்பு ஏஜென்ட். அப்படித்தான் சின்னவன் மூத்தவனாகி விமானம் ஏறினான். பிள்ளை எங்கேயாவது வாய் தவறிவிடுவான் என்ற பயத்தில் வீட்டுக்குள்ளும் தனோஜன் என்றே கூப்பிட்டார்கள். முதலில் ஒவ்வொரு தடவையும் செல்வநாயகிக்கு நாக்குச் சுட்டது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டதே என்றுதான் அவள் சில நாட்களில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள்.

ரவிசங்கர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "பாருங்க, எலும்பு நுனியில வளர்ற இடம் இன்னும் மூடவே இல்ல. பேர், வயசு பார்க்காம படத்தை மட்டும் குடுத்திருந்தா பதினஞ்சு வயசுன்னு எழுதியிருப்பேன்." அதை அவர் இங்கிலீஷிலும் சொல்ல, ஹார்லன் தொடையில் தட்டிச் சிரித்தார். இன்னும் மூன்று அங்குலம் வளர்வான் என்றார். பொய்யைக் காட்டிக்கொடுக்க வேண்டிய படம் பொய்க்கே மாலை போட்டுவிட்டது.

தேத்தண்ணி எடுக்கிற சாக்கில் குசினிக்குள் போனவளின் பின்னாலேயே சோதிலிங்கம் வந்தார்.

"கேட்டதுக்குத் தலையை ஆட்டு, காணும். வாயைத் திறந்தால் எங்களைப் பிளேன் ஏத்தித் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

"முழங்கால் போயிடுமப்பா. வந்தவனே தன்ர வாயால சொல்லுறான்."

"எங்கட பிள்ளைக்கு ஒண்டும் வராது." அவருடைய குரல் உடைந்தது. "யோசிச்சுப் பார் நாயகி. அவ்வளவு சனம் சுத்தி நிண்டு 'தனோஜன், தனோஜன்' எண்டு கத்தும். என்ர பிள்ளையின்ர பேரைக் கத்தும்."

இந்த மனிதர் சேட்டுப் போட்டுக்கொண்டு குதித்தது இதற்காகத்தானா? செல்வநாயகிக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவும் வேண்டும்போல் இருந்தது, அறையவும் வேண்டும்போல் இருந்தது.

"பேர் அவன்ர," என்றாள். "முழங்கால் சின்னவன்ர."

ஹார்லன் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்டார். இந்தத் தொழிலில் எல்லாத் தாய்மாரிடமும் கேட்கிற கேள்விதானாம். ரவிசங்கர் சிரித்தபடி சொன்னார்: "அப்பாங்களுக்கு ஞாபகம் இருக்காது, அம்மாங்களுக்குத்தான் தெரியும்ங்கிறாரு. பன்னிரண்டு வயசுல தனோஜன் எவ்வளவு உயரம் இருந்தான்? அதை வச்சு எவ்வளவு வேகமா வளர்றான்னு கணக்குப் போடலாமாம்."

சோதிலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

செல்வநாயகியின் கை தானாகவே எழுந்து அவள் தோளடியில் நின்றது. அந்த உயரத்தை அவள் எப்படி மறப்பாள்? எரியாமல் மிஞ்சிய கதவுப் பலகையில்தான் பிள்ளையைக் கிடத்தினார்கள். காலுக்குக் கீழே பலகையில் இடம் மிச்சமிருந்தது.

"அவ்வளவுதானா!" ஹார்லனைவிட ரவிசங்கர்தான் அதிகம் வியந்தார். "அஞ்சு வருஷத்துல அங்கயிருந்து இவ்வளவு வளர்ந்துட்டானா?"

"இல்லைத் தம்பி," என்றாள். கையை இறக்கவில்லை. "அதுக்கு மேல அவன் வளரேல்லை."

ரவிசங்கரின் சிரிப்பு நின்றது. அவர் அவளைப் பார்த்தார், குனிந்திருந்த சோதிலிங்கத்தைப் பார்த்தார், மடியில் கிடந்த படத்தைப் பார்த்தார்.

"அப்போ வெளியில நிக்கிறது?"

"தம்பிக்காரன். பதினைஞ்சுதான்."

"கெடுத்துப் போட்டாய்," என்று சோதிலிங்கம் முகத்தைப் பொத்திக்கொண்டார். "எல்லாத்தையும் கெடுத்துப் போட்டாய் நாயகி."

ரவிசங்கர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இதை நான் சொல்லியே ஆகணும்னு இல்ல. முட்டி சரியில்லன்னு ஏதாவது சொல்லி அனுப்பிடலாம். இதைச் சொல்லிட்டா அப்புறம் திரும்ப எடுக்க முடியாது."

செல்வநாயகி யோசித்தாள். முழங்கால் சரியில்லை என்றால் இவர் போவார். அடுத்த வருடம் வேறொருவர் வருவார், வேறு படம் எடுப்பார், அப்போதும் இதே கையை இதே உயரத்தில் பிடித்துப் பொய் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையை மறைத்து மறைத்து இரண்டு பிள்ளைகளையும் தொலைத்துவிட்டு இருக்கிறோம் என்று பட்டது.

"சொல்லுங்கோ," என்றாள்.

அவர் சொன்னார். சில வார்த்தைகள்தான். ஹார்லன் கோப்பையைக் கீழே வைத்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர் செல்வநாயகியின் கையைப் பார்த்ததும் கேட்கவில்லை. அது இன்னும் தோளடியிலேயே நின்றது.

முற்றத்தில் பந்துச் சத்தம் கேட்டது. செல்வநாயகி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"திலக்சன்," என்று கூப்பிட்டாள்.

பந்துச் சத்தம் நிற்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பான், பிள்ளை. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தெருவெல்லாம் கேட்க, மறுபடி கூப்பிட்டாள்.

"திலக்சன்!"

பந்துச் சத்தம் நின்றது.