மழைக்கு மட்டும் சிவப்பு

எங்க அண்ணன் உபைதுக்கு மூளை இல்லன்னு நான் சொல்லல. ஷார்ஜாவுல பல வருஷமா கடை நடத்துறவன். ஆனா சொந்த ஊர் விஷயம்னு வந்துட்டா மட்டும் அது வேலை செய்யாது.

லீவுல வந்த அன்னைக்கே ஆரம்பிச்சுட்டான். "ஏம்மா ஆஸிஃபா, இந்தப் பேப்பரை இப்ப யாரு படிக்கிறா? எல்லாம் வாட்ஸப்புல வந்துடுது. இந்த வாரத்தோட மூடிடலாம்."

'உப்பளச் செய்தி' எங்க அத்தா அப்துல் ஜலீல் ஆரம்பிச்ச வாரப் பேப்பர். உப்பு விலை, நிக்காஹ், மாதா கோயில் திருவிழா, சாவு, எல்லாம் நாலு பக்கத்துல வரும். அத்தா மவுத்தானப்புறம் எழுதுறதும் நான், பஸ்ஸுல கட்டு ஏத்துறதும் நான். பேப்பர் மட்டும் அண்ணன் பேர்ல இருக்குது. சண்டை போட்டேன், அழுதேன். மசியவே இல்ல.

அந்த வாரம் பார்த்து எனக்குக் காய்ச்சல். பாண்டிச்சேரி பிரஸ்ஸுக்கு அவனே போனான். வெள்ளிக்கிழமை காலையில பேப்பரை எடுத்துப் பார்க்கிறேன். அடப்பாவி! பேப்பர் பேருக்கு மேல பளபளன்னு சிவப்புப் பட்டை.

"கடைசி இதழாச்சே, கொஞ்சம் கெத்தா இருக்கட்டும்னு..." இளிக்கிறான்.

சிவப்புப் பட்டைன்னா எங்க ஊர்ல மழை. படிக்கத் தெரியாதவங்களுக்கும் விளங்கணும்னு அத்தா வச்ச வழக்கம். எக்கியார்குப்பத்து மீன்காரங்களை விசாரிப்பாரு, வானிலை ஆபீசுக்குப் போன் போடுவாரு. ரெண்டும் ஒத்துப்போனாத்தான் சிவப்பு. நானும் அப்படித்தான் செய்றேன். டீக்கடையில பேப்பர் சிவப்பா தொங்கினா, படிக்காமலே உப்பளத்துக்கு ஓடுவாங்க.

காய்ச்சலாவது மண்ணாவது! அவனைத் திட்டிக்கிட்டே அவன் பைக்குல பின்னாடி ஏறினேன். வெயில் மண்டையைப் பிளக்குது. உப்பளத்துல ஆம்பள பொம்பள எல்லாரும், விளைஞ்சதும் விளையாததுமா உப்பை வாரிக் குவிச்சுத் தார்ப்பாய் போட்டு மூடிக்கிட்டு இருக்காங்க.

"அண்ணே, மழை இல்ல! தப்பா அடிச்சுட்டாங்க!" கத்தினேன்.

அங்க வேலை பார்க்கிற சகாயராஜ் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கல. "உடம்பு சரியில்லாம உளறாத. பேப்பர்லயே போட்டிருக்குது, போம்மா."

"அந்தப் பேப்பரே நான் போடுறதுதாண்ணே!"

"அது ஜலீல் பாய் பேப்பரு. நீ ஓரமா நில்லு."

தலையில அடிச்சுக்கிட்டேன்.

அன்னைக்கும் மழை இல்ல, மறுநாளும் இல்ல. சாயங்காலம் ஆபீஸ் வாசல்ல ஒரு கூட்டமே கூடிடுச்சு. நல்லா விளையிற நேரத்துல பாத்தியைக் கலைச்சுட்டோமேன்னு அவங்க வயிறு எரியுது. எரியாதா பின்னே? மூடணும்னு நிக்கிறவனுக்கு இதைவிட நல்ல சாக்கு எங்க கிடைக்கும்?

அண்ணன் மெதுவா கேட்டான்: "போன்ல பார்த்திருக்கலாமே, வெயில்னுதானே போட்டிருந்துச்சு?"

அவ்ளோதான். சகாயராஜ் அண்ணன் பாய்ஞ்சாரு. "டேய் உபைது, போனு தினம் ஒண்ணு சொல்லும். அதை எவன் நம்புறான்? பாய் பேப்பரு எப்பவோ ஒரு தடவைதான் சிவக்கும். சிவந்தா மழை வரும். உங்கத்தா காலத்துலயும் சரி, உன் தங்கச்சி காலத்துலயும் சரி, ஒருக்காகூடத் தப்பினதில்ல. இதையும் நம்பக் கூடாதுன்னா நாங்க எதைப்பா நம்புறது?"

கூட்டம் முழுக்க ஆமா ஆமான்னுது. ஒவ்வொருத்தர் கையிலயும் பேப்பர். யாரு படிக்கிறான்னு கேட்டவன் ஒவ்வொரு கையா பார்த்துக்கிட்டே நிக்கிறான். மூஞ்சி தொங்கிப்போச்சு.

"அண்ணே, தப்பு என்னுது. ஆஸிஃபா மேல கோச்சுக்காதீங்க," கையெடுத்துக் கும்பிட்டான். "அடுத்த வாரம் முதல் பக்கத்துலயே மன்னிப்புப் போட்டுடுறோம்."

அடுத்த வாரமா? யா அல்லாஹ்! அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காம தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தான். அத்தனை பேரு திட்டுறாங்க, எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்குது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துடுச்சு.

சகாயராஜ் அண்ணன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கினவரு, திரும்பி நின்னு விரலை ஆட்டினாரு.

"மன்னிப்பைக் கறுப்புலயே போடுங்கப்பா. அதையும் சிவப்புல அடிச்சுத் தொலைக்காதீங்க."