காம்பு நீளமும் ஜெசிந்தாவின் குரலும்

எங்கள் மலைப் பண்ணையில் துலிப் பூவின் காம்பு நீண்டால் என் மனைவி ஜெசிந்தாவின் குரல் இறங்கிவிடும். பூச்செடிகளில் இது சகஜம். ஒரு குணத்தைப் பிடித்து இழுத்தால் இன்னொன்றும் கூடவே வரும். மேலாளர் தணிகாசலத்தின் மீசை, இதழின் அகலத்தோடு சேர்ந்தது. அதனால் அகலத்தில் கைவைக்க அவர் யாரையும் விட்டதில்லை.

அந்த வருடம் மலர்க் கண்காட்சிக்காக நெட்டைச் சிவப்பு ரகத்தை நட்டோம். காம்புகள் முழங்காலைத் தொட்டன. ஈஸ்டர் பூசையில் தனியாகப் பாட வேண்டிய ஜெசிந்தா அடுப்படியில் பாடிப் பார்த்தாள்.

“மூச்சுதாங்க வருது. பாட்டு வரல.”

அதையும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அவள் பாடியதைக் கேட்டுத்தான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

தணிகாசலத்திடம் போய் முறையிட்டேன்.

“குட்டைப் பூவை எவன்யா டிக்கெட் வாங்கிப் பார்ப்பான்? ரெண்டும் ஒத்துவர்ற மாதிரி ஒரு ரகத்தைக் கலந்து எடு,” என்றார் மீசையைத் தடவியபடி.

நியாயமான பேச்சு. ரகம் ரகமாக அளந்து பார்த்தேன். மஞ்சளில் காம்பு நீண்டாலும் குரல் பாதிதான் இறங்கியது. ஊதாவில் குரல் ஏறவே செய்தது, ஆனால் பூ மொச்சைக்கொட்டை அளவுதான். நெட்டைச் சிவப்பில் ஊதாவின் மகரந்தத்தைத் தொட்டு வைத்தேன். விதை முளைத்துப் பூக்க வருடக்கணக்கில் ஆகும் என்பதால், ஈஸ்டரைத் தள்ளிவைக்க முடியுமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். சரி என்றார். அத்தனை வருடமும் ஊர் கறி தின்னாமல் தவக்காலத்திலேயே இருந்தது. கறிக்கடை சவரிநாதன் மட்டும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் பூத்தது. காம்பு இடுப்பு உயரம் வந்தது. ஜெசிந்தா சாதாரணமாகக் கூப்பிட்டாலே எதிர்மலையில் கேட்டது. மண்ணுக்குள் இருந்த துலிப் கிழங்குதான் கனம் குறைந்துவிட்டது, அதோடு நானும்.

“கோயில் வரைக்கும் என் கையை விட்டுறாதீங்க,” என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அவள் பாடும் நேரம் வந்தது. கையைப் பிடித்தபடியே நின்றாள். ஒரு கையைக் கட்டிப்போட்டால் அவளுக்குப் பாட்டு வராது.

“விடு. பாடு,” என்றேன்.

என்னையே பார்த்தாள். பிறகு விட்டாள்.

கூரையில் போய் முட்டி நின்றேன். அங்கே காரட் பண்ணை அருளப்பர் ஏற்கெனவே இருந்தார். சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

“இங்கதான் பாட்டு நல்லாக் கேட்கும்,” என்றார்.